ஒரே மோட்டுவளை

வாடகைக்கு வீடு கட்டுவதைப் பற்றித் தரகர் பழனிச்சாமிக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்ளத் தெரியாததைத் தவிர. மச்சினன் வீட்டுப் பின்கட்டில் ஓசியில் குடியிருந்துகொண்டே புதுக்கோட்டை டவுனில் பாதிப் பேரை வாடகை வீட்டில் அமர்த்தியவர் அவர். அழகம்மாள் தன் புளிக் கடையை விற்றுவிட்டுத் திருவரங்குளம் ரோட்டில் மனை வாங்கியபோது, தரகோடு சேர்த்து அவருடைய யோசனைகளையும் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. தரகில் பாதியை அவள் பேரம் பேசிக் குறைத்துவிட்டாள். யோசனையில்தான் அவர் கொஞ்சமும் குறைத்துக்கொள்ளவில்லை.

"வக்கீலுக்கு விடாதீங்க தங்கச்சி. ஒரு மாச வாடகையைக் கேட்டா ஒரு வருசத்துக்குச் சட்டம் சொல்லுவான். சொந்தக்காரனுக்கு விடவே விடாதீங்க. வக்கீலாவது கோர்ட்டோட நிப்பான். இவன் கல்யாண வீடு கருமாதி வீடுன்னு போற எடமெல்லாம் வந்து நிப்பான்."

"பாட்டுக்காரங்க கேட்டா?"

"குடுமியான்மலைக்காரர் ஒருத்தருக்கு வீடு பிடிச்சுக் குடுத்தேன். விடியக்காலம் எந்திரிச்சு சாதகம் பண்ணுவாரு. அக்கம்பக்கம் மூணு வீடு காலி. ரொம்ப நல்லாப் பாடுவாருன்னு சொல்றாங்க. நல்லாப் பாடி என்ன செய்ய?"

அழகம்மாள் சிரிக்கவில்லை. சந்தையில் இருபது வருஷம் புளி விற்றவள். அடுத்தவன் சிரிக்க வைத்தால் விலையில் எதையோ மறைக்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

"குடி வர்ற ஆம்பளை சுவரைப் பாப்பான்" என்றார் பழனிச்சாமி. "அவன் பொண்டாட்டி கிணத்தைப் பாப்பா. வீடு வேணுமா வேணாமான்னு முடிவு பண்றது அவதான். அதனால மொத வேலை கிணறு. அப்புறந்தான் சுவர் வைக்கிற கொல்லத்துக்காரன்."

கிணறு வெட்டினாள். கல்கண்டுத் தண்ணீர். பிறகு ஐந்து வீடுகளுக்கு அஸ்திவார வானம் தோண்டினாள்.

அவள் நேரம் நல்ல நேரம். குண்டு ரங்கூனில் விழுந்தது, வாடகை புதுக்கோட்டையில் ஏறியது. பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்கள் கோயில் மண்டபத்திலும் சத்திரத்திலும் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கிடந்தார்கள். நாலு சுவரும் ஒரு கதவும் இருந்தால் போதும், என்ன விலை என்று கேட்க ஆள் இருந்தது. ஆனால் மரம் இல்லை. தேக்கு வந்த வழியில் இப்போது சனங்கள்தான் வந்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் பழனிச்சாமி தம் யோசனைகளில் ஆகப் பெரியதைச் சொன்னார்.

"அஞ்சு வீட்டுக்கு அஞ்சு முகடு என்னத்துக்கு? உச்சியில நெடுக ஒரே மோட்டுவளை மரம் போட்டு ஒரே கூரையா இறக்கிருங்க. நடுச்சுவரை ஆள் ஒசரத்துக்குக் கொஞ்சம் மேல நிறுத்திக்கலாம். அதுக்கு மேல யாரு குடியிருக்கப் போறா? பல்லிதான். பல்லி வாடகை குடுக்காது."

மரம் அறுக்கிற இருளாண்டி பழைய தேக்குத் துண்டுகளைத் தேடிப் பிடித்து, வாய் வெட்டி, ஒன்றோடொன்று கோத்து, ஐந்து வீட்டு நீளத்துக்கும் ஒரே வளையாக ஏற்றிக் கொடுத்தான். கொத்துக்கூலியிலும் செங்கல்லிலும் மிச்சமானதில் அழகம்மாள் ஒரு பசு வாங்கினாள். வேலை முடிந்ததும் இருளாண்டியே தன் மனைவி ராக்காயியோடு மூன்றாம் வீட்டுக்குக் குடி வந்துவிட்டான். செய்த வேலையை நம்பித் தானே அடியில் படுத்துக்கொள்கிற ஆள் என்று அழகம்மாளுக்கு அவன்மேல் ஒரு மதிப்பு.

முதல் வீட்டில் அவளும் மகள் பிரகதாம்பாளும். பிரகதாம்பாளுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒரு காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் காலைப் பார்த்துவிட்டு, அந்தக் காலுக்கு ஒரு விலை சொன்னார்கள். அழகம்மாள் எந்த விலைக்கும் படியவில்லை. எவன் வந்தாலும் வராவிட்டாலும் இந்தப் பெண்ணுக்கு மாசம் பிறந்தால் சோறு வர வேண்டும். கடை என்றால் நின்று நடத்தக் கால் வேண்டும். வீடு நிற்கும், இவள் உட்கார்ந்திருக்கலாம். ஐந்து வீடும் எந்நாளும் நிறைந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் இருந்ததில்லை.

சுவர்கள் மேலே முட்டாமல் நின்றதில் எதிர்பாராத ஒரு லாபமும் இருந்தது. முதல் வீட்டில் மிளகாய் வறுத்தால் ஐந்தாம் வீட்டில் தும்முவார்கள். மத்தியானத்தில் பாயை விரித்துப் படுத்தால் வரிசை முழுவதும் அவள் காதுக்குள் வந்துவிடும். யார் வீட்டில் எண்ணெய் காய்கிறது, யார் வீட்டில் கஞ்சியோடு நிற்கிறது, எவனுக்குச் சம்பளம் வந்துவிட்டது எல்லாம் தெரியும். வாடகை கேட்கப் போகும் நேரத்தை அவள் காதை வைத்துத்தான் முடிவு செய்தாள்.

அந்தக் காதில்தான் சிவசாமியின் இருமல் விழுந்துகொண்டேயிருந்தது.

சிவசாமி ஐந்தாம் வீட்டுக்காரர். பர்மாவில் அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். மனைவி சொர்ணத்தோடு காட்டு வழியாக நடந்தே வந்தவர். வரும்போதே நெஞ்சில் ஏதோ ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். சொர்ணம் இடியாப்பம் பிழிந்து விற்று வாடகையைத் தவறாமல் கொடுத்தாள். அந்த வகையில் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் மாசி பிறந்தபோது இருமல் இறங்கி, மூச்சு மட்டும் மேலே கேட்க ஆரம்பித்தது.

"ஆள் தேறாது போல இருக்கே" என்று பழனிச்சாமி ஒருநாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். "நாள் பாத்தீங்களா? அவிட்டம் சதயத்துல போயிட்டா அடைப்பு. ஆவுடையார்கோவில்காரர் ஒருத்தர் வீடு, அடைப்பு முடிஞ்சு தொறந்தும் வருசக்கணக்கா எவனும் குடி வரல. வௌவால்தான் இருக்கு."

அவிட்டத்தின் பின்பாதியில் தொடங்கி ரேவதி முடிகிறவரை, மாதத்தில் வருகிற அந்த ஐந்து நட்சத்திரத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஆறு மாதம் அந்த வீட்டைப் பூட்டிப்போட வேண்டும். அழகம்மாளுக்கு இது தெரியாததில்லை. ஐந்தில் ஒன்று போனால் நாலு மிச்சம் என்று அவள் ஏற்கெனவே மனக்கணக்குப் போட்டிருந்தாள். இருந்தாலும் பஞ்சாங்கக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அஞ்சாம் வீடு மட்டுந்தானுங்களே?"

பஞ்சாங்கக்காரர் வாசலோடு நடந்தார். தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்தபடி ரோட்டோர வீட்டிலிருந்து கடைசி வீடுவரை போய், அப்படியே திரும்பி வந்தார்.

"ஒரே மோட்டுவளை போட்டிருக்கீங்க. சாஸ்திரத்துக்கு இது ஒரே வீடுதாம்மா. உள்ளே அஞ்சு ரூம்பு தடுத்திருக்கீங்க, அவ்வளவுதான். ஒண்ணுல விழுந்தா அஞ்சையும் பூட்டணும்."

அழகம்மாள் பழனிச்சாமியைப் பார்த்தாள். அவர் சுண்ணாம்பு டப்பாவின் மூடியைத் திறக்க மிகவும் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார்.

"அவிட்டம் எப்ப பிறக்குது?"

"நாளைப் பொழுது சாய."

மறுநாள் காலையில் அவளே வண்டி பேசினாள். வண்டிக் கூலியை அவளே கொடுத்தாள். வைக்கோல் பரப்பி, தன்னுடைய ஜமுக்காளத்தை மேலே விரித்தாள். ஐந்தாம் வீட்டு வாசலில் சொர்ணம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆஸ்பத்திரியில வச்சுப் பாப்பாங்க சொர்ணம். இங்கிட்டுக் கெடந்து என்ன ஆகப்போகுது?"

"அங்கயும் ஒண்ணும் ஆகாதுங்கம்மா. டாக்டர் போன வாரமே சொல்லிட்டாரு." சொர்ணம் சத்தம் போடவில்லை. "காட்டுல நடந்து வரயில எத்தனையோ பேரு மரத்தடியிலயே போயிட்டாங்க. நான் ஒரு கூரைக்குள்ளதான் போவேன், என்னை நடத்திக் கூட்டிட்டுப் போன்னு சொல்லித்தான் இந்த மனுசன் இம்புட்டுத் தூரம் வந்தாரு. இன்னும் ரெண்டு நாளு விடுங்கம்மா."

"அந்த ரெண்டு நாளுதான் விட முடியல."

இருளாண்டியும் நாலாம் வீட்டுப் பஸ் கண்டக்டர் ரெங்கராஜும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வைத்தார்கள். சிவசாமிக்கு நினைவு இருந்தது. வண்டிக்குள் ஏற்றும்போது கூரையைத்தான் பார்த்தார். எல்லா வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். பிரகதாம்பாள் தூக்குச் சட்டியில் கஞ்சியை ஊற்றி எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வண்டிக்குப் பின்னாலேயே ஓடினாள்.

சிவசாமி ஆஸ்பத்திரி வராந்தாவில் சதயத்தில் போனார். ஆஸ்பத்திரிக்கு அடைப்புக் கிடையாது. சொர்ணம் பண்ட பாத்திரத்தை எடுக்கக்கூட வரவில்லை, யாரையோ அனுப்பினாள். பழனிச்சாமி மறு வாரமே ஐந்தாம் வீட்டுக்குக் கூடுதல் வாடகையில் ஆள் கொண்டுவந்தார். "நீங்கதான் தங்கச்சி வியாபாரி" என்றார்.

அழகம்மாள் அன்றைக்கே வரிசை முழுவதையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். "யாருக்கு மேலுக்குச் சொகமில்லேன்னாலும் மொதல்ல எனக்குச் சொல்லிரணும். மறைக்கக் கூடாது. நான் ஆக வேண்டியதைப் பாப்பேன்."

ஆக வேண்டியது என்னவென்று எல்லாரும் வாசலில் நின்று பார்த்திருந்தார்கள்.

இரண்டாம் வீட்டு ஷேக் பரீது, ஜவுளி மூட்டை தூக்கி ஊர் ஊராக விற்கிறவர், தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். "எங்காளுங்க நட்சத்திரம் பாக்குறதில்லைம்மா. ஆனா சளி பிடிக்கும். அதையும் சொல்லணுமா?"

"சொல்லணும் பாய். கூரை ஒண்ணுதானே."

அதற்குப் பிறகு அந்த வரிசையில் யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. மிளகாய் வறுத்தாலும் வரவில்லை. ஊரெல்லாம் மலைக்காய்ச்சலில் போர்த்திக்கொண்டு கிடந்தபோது அழகம்மாளின் குடித்தனக்காரர்கள் வாசலில் அவளைக் கண்டால் நிமிர்ந்து நின்று, "நல்லாருக்கோம்மா" என்றார்கள். கிணற்றுத் தண்ணீரின் விசேஷம் என்று அவள் நினைத்தாள். வீடு பார்க்க வருகிறவர்களிடம் பழனிச்சாமியும் அப்படியே சொன்னார். அந்தத் தண்ணீருக்காகவே வாடகையை ஒரு தடவை ஏற்றினாள். யாரும் முனகவில்லை.

அடுத்த கோடையில் கிராமங்களில் வாந்திபேதி வந்தது. வேப்பிலை கட்டிய வண்டிகள் டவுனுக்குள் வரத் தொடங்கின. தெருத்தெருவாக முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து, நோய் கண்ட வீடு எது என்று கேட்டு அந்தக் கிணற்றில் மருந்து போட்டுவிட்டுப் போனார்கள். அழகம்மாளின் வாசலிலும் வந்து நின்றார்கள். "எங்க வரிசையில ஒரு குறையும் கெடையாது" என்று அவள் திண்ணமாகச் சொல்லி அனுப்பினாள். பொய் சொன்னதாக அவளுக்கே தெரியாது.

அன்று மத்தியானம் மூன்றாம் வீட்டில் உலக்கைச் சத்தம் கேட்டது.

படுத்தவள் தலையைத் தூக்கினாள். அரிசி கடையில் அளந்து கொடுக்கிற காலம். கள்ளத்தனமாக நெல் வாங்குகிறவனிடம் பணம் இருக்கிறது என்று அர்த்தம். உலக்கை விடாமல் விழுந்தது. கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு அவசரமாகத் தொடங்கும். மறுநாளும் குத்தினார்கள். மரம் அறுக்கிறவனுக்கு யுத்தத்தில் நல்ல வரும்படிதான் என்று அவள் கணக்குப் போட்டாள். பொழுது இறங்கியதும் மூன்றாம் வீட்டுக்குப் போனாள்.

ராக்காயி கதவைப் பாதி திறந்து, அந்தப் பாதியிலும் தானே நின்றாள். உள்ளே அப்போதுதான் சாணி போட்டு மெழுகிய வாடையும் வேப்பம் புகையும் வந்தன. சுத்தமான பொம்பளை, வீட்டைப் பாழாக்க மாட்டாள் என்று அழகம்மாளுக்குத் திருப்தியாக இருந்தது.

"எங்கடி உம் புருசன்?"

"மரம் அறுக்க வெளியூரு போயிருக்காருங்கம்மா."

"கையில காசு பொழங்குது போல. சித்திரையிலேருந்து வாடகையைக் கூட்டணும் ராக்காயி. இப்பவே சொல்லிட்டேன்."

ராக்காயி பேரமே பேசவில்லை. "சரிங்கம்மா" என்றாள். கேட்ட விலைக்குத் தலையாட்டுகிற ஆளைச் சந்தையில் பார்த்திருந்தால் அழகம்மாள் சரக்கை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்திருப்பாள். வீட்டு விஷயத்தில் அந்தப் புத்தி வரவில்லை.

உள்ளேயிருந்து பிரகதாம்பாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நீ எங்கடி இங்க?"

"ராக்காயி அக்காவுக்குக் கை வலிக்குதாம் ஆத்தா. நான் கொஞ்சம் குத்திக் குடுத்தேன்."

"குத்துன கூலிக்கு ஒரு படி அரிசி வாங்கிட்டு வா."

மகள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நொண்டிக்கொண்டு முன்னால் போனாள்.

உலக்கைச் சத்தம் நின்று இரண்டு நாள் ஆகியிருக்கும். விடிகாலையில் பிரகதாம்பாள் கொல்லைப்புறம் போய்விட்டு வந்தாள். மறுபடி போனாள். மூன்றாம் தடவை போக முடியாமல் நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழகம்மாள் கையைப் பிடித்துத் தூக்கியபோது விரல்கள் ஊறப்போட்ட புளிபோலச் சுருங்கியிருந்தன.

"என்னத்தடி தின்ன?"

"ஒண்ணும் திங்கல ஆத்தா." பாயில் படுத்ததும் மகள் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரலுல ஒண்ணுமில்ல."

"என்ன ஒரலு?"

"மூணாம் வீட்டு ஒரலுல. வெறும் ஒரலு. இருளாண்டி அண்ணன் வாந்தி எடுக்குற சத்தம் ஒனக்குக் கேட்டுரும்னு ராக்காயி அக்கா குத்துச்சு. பாவம், ஒத்தையில அவரைப் பாக்குமா, ஒலக்கையைப் பிடிக்குமா. நான் போய்க் குத்துனேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "துணியெல்லாம் விடியக்காலம் கிணத்தடியிலதான் அலசுனோம். இப்ப அண்ணன் எந்திரிச்சு உக்காந்துட்டாரு."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

பிரகதாம்பாள் தலையைத் திருப்பி ஐந்தாம் வீட்டுப் பக்கம் பார்த்தாள்.

கம்பவுண்டர் வந்து மூன்றாம் வீட்டுக் கதையைக் கேட்டுக்கொண்டார். கண்ணைத் திறந்து பார்த்தார், வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் கிள்ளினபடியே நின்றது. "நாலு நாள் முன்னாடி வரிசையில ஒருத்தருக்கு வந்தப்பவே சொல்லியிருந்தா கிணத்துக்கு மருந்து போட்டிருப்பாங்க. எங்க வரிசையில ஒண்ணுமில்லேன்னு நீங்கதான் சொன்னீங்களாம்." உப்புத் தண்ணீர் கொடுத்துக்கொண்டேயிருக்கச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாமா என்று கேட்டதற்கு, வண்டி குலுக்கலில் பாதி வழி தாங்காது என்றார்.

மத்தியானத்துக்கெல்லாம் வாசலில் சத்தம் கேட்டது. அழகம்மாள் எட்டிப் பார்த்தாள். ஒரு வண்டி நின்றது. வைக்கோல் பரப்பியிருந்தது. சிவசாமியை ஏற்றிய அதே வண்டி, அதே மாடு. ரெங்கராஜ் தலைத்துண்டைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் ஐந்தாம் வீட்டுக்காரன், ஷேக் பரீது, அவர்கள் வீட்டுப் பெண்கள். ராக்காயி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு கிணற்றடியில் தனியாக நின்றாள்.

"பஞ்சாங்கக்காரரைக் கேட்டோம்மா" என்றான் ரெங்கராஜ். அவன் குரல் மரியாதையாகத்தான் இருந்தது. "பொழுது சாய அவிட்டம் பின்பாதி. எம் பொண்டாட்டிக்கு இது எட்டாம் மாசம். அஞ்சையும் பூட்டிட்டா நான் அவளை எங்க கொண்டு போய் வைப்பேன்? ஊருக்குள்ள ஒரு மாட்டுக் கொட்டாய்கூடக் காலி இல்ல. உங்களுக்குத் தெரியாததா?"

"எம் பிள்ளைடா அது."

"தெரியுதும்மா. சிவசாமியும் ஒருத்தர் புருசன்தானே. நாந்தான் கால்மாட்டைப் பிடிச்சுத் தூக்கி வச்சேன். நீங்க சொன்னீங்க, கூரை ஒண்ணுதானேன்னு."

அழகம்மாள் வாழ்க்கையில் எத்தனையோ பேரை மடக்கிப் பேசியவள். இப்போது அவள் சரக்கையே அவள் விலைக்கே அவளிடம் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். ஷேக் பரீதைப் பார்த்தாள்.

"பாய், உங்களுக்கு நட்சத்திரம் இல்லையே. நீங்க சொல்லுங்களேன்."

ஷேக் பரீது தரையைப் பார்த்தார். "எனக்கு இல்லைம்மா. மத்தவங்களுக்கு இருக்கே. எல்லாரும் போயிட்டா நான் மட்டும் ஒத்தையில என்னத்தைக் குடியிருக்க?"

யாரும் நகரவில்லை. மாடு வைக்கோலை இழுத்துத் தின்றது. அப்போது மூன்றாம் வீட்டுக் கதவு திறந்து இருளாண்டி வெளியே வந்தான். கன்னமெல்லாம் ஒட்டி, வேட்டி இடுப்பில் நிற்காமல், சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தான். மற்றொரு கையில் அவனுடைய பெரிய ரம்பம்.

"தூக்க வேணாம்" என்றான். "வளையை அறுத்துருவோம்."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"மொத வீட்டுக்கும் ரெண்டாம் வீட்டுக்கும் நடுவுல நான் போட்ட மூட்டு இருக்கு. ரெண்டு பக்கமும் பனங்கட்டை முட்டுக் குடுத்துட்டு அறுத்துறலாம். மேல ஓடுங்களையும் ஒரு சாண் அகலத்துக்குப் பிரிச்சுட்டா அது வேற வீடு, இது வேற வீடு. கேட்டு வாங்க அந்த ஐயரை."

ரெங்கராஜ் ஓடினான். பஞ்சாங்கக்காரர் சைக்கிளில் வந்து இறங்கி, அண்ணாந்து பார்த்து, யோசித்தார். வெளிச்சம் தெரிகிற மாதிரி பிரிந்திருந்தால் இரண்டு வீடுதான் என்றார். பொழுது சாய்வதற்குள் பிரிந்திருக்க வேண்டும் என்றார்.

"கூரை இறங்கிருமேம்மா, பரவாயில்லையா?" என்றான் இருளாண்டி.

"அறு" என்றாள் அழகம்மாள்.

அவன் ஏணியில் ஏறியபோது கால் நடுங்குவது கீழேயிருந்தே தெரிந்தது. அது இரண்டு பேர் இழுக்கிற ரம்பம். மறுமுனையைப் பிடிக்க ரெங்கராஜ் வந்தான். அவனுக்கு முன்னால் ராக்காயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவர்மேல் ஏறிவிட்டாள். புருஷனும் பெண்டாட்டியுமாக இழுத்தார்கள். பழைய தேக்கு லேசில் பிடி கொடுக்கவில்லை. நாலு இழுப்புக்கு ஒரு தரம் இருளாண்டி நிறுத்தி, வளையின்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். பிறகு மறுபடியும் இழுத்தான்.

கீழே பிரகதாம்பாளின் மேல் மரத்தூள் விழுந்தது. பாயை நகர்த்த இடமில்லை, அறை முழுக்க முட்டுக்கட்டை. "கண்ணுல விழுது ஆத்தா" என்றாள். அழகம்மாள் முந்தானையை விரித்து மகளின் முகத்துக்கு மேலே பந்தல்போலப் பிடித்துக்கொண்டாள். கை கடுத்தது. இறக்கவில்லை.

"என்ன சத்தம் அது?"

"வளையை அறுக்குறாங்கடி."

"எதுக்கு?"

"நமக்குத் தனி வீடு."

மகள் சிரித்தாளா, வலியில் உதட்டை இழுத்தாளா என்று தெரியவில்லை. "செலவு பண்ணிட்ட போல" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

சூரியன் தென்னைக்குக் கீழே இறங்கும்போது வளை ஒரு பெரிய முறிவுச் சத்தத்தோடு பிரிந்தது. முதல் வீட்டுக் கூரை கிழவி உட்காருவதுபோல முட்டுக்கட்டைமேல் முனகிக்கொண்டு உட்கார்ந்தது. இரண்டு கூரைக்கும் நடுவில் ஒரு சாண் வானம் தெரிந்தது. பஞ்சாங்கக்காரர் பார்த்துத் தலையை ஆட்டினார். ரெங்கராஜ் யாருக்கும் தெரியாமல் வண்டியைத் திருப்பி அனுப்பினான். விளக்கு வைக்கிற நேரத்தில், அவிட்டத்தின் பின்பாதியில், தன்னுடைய வீட்டில், தன்னுடைய கூரைக்குக் கீழே பிரகதாம்பாள் போய்ச் சேர்ந்தாள். அடைப்பு நாளாகையால் வாசல் வழியாக எடுக்கக் கூடாது என்று பக்கச் சுவரை இடித்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆறு மாதம் முதல் வீடு பூட்டிக் கிடந்தது. அழகம்மாள் கிணற்றடியில் தென்னங்கிடுகால் ஒரு சாய்ப்பு இறக்கிக்கொண்டு பசுவோடு அங்கேயே இருந்தாள். குடித்தனக்காரர்கள் யாரும் போகவில்லை, போக இடமும் இல்லை. இருளாண்டியும் ராக்காயியும் மட்டும் இருக்க முடியாமல் கிளம்பினார்கள். கிளம்புவதற்கு முன்னால் இருளாண்டி, அழகம்மாள் சொன்னபடி, மிச்சமிருந்த மூட்டுகளையும் அறுத்து, ஒவ்வொரு வீட்டையும் தனியாக்கி, இடைவெளிக்குமேல் தகரம் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். கூலி வாங்கவில்லை.

அடைப்பு முடிந்து பூட்டைத் திறந்தபோது பாயின்மேல் மரத்தூள் அப்படியே இருந்தது. அவள் கிடந்த இடமும் தலைமாட்டில் முந்தானை மறைத்த இடமும் மட்டும் வெறுமையாக இருந்தன.

மூன்றாம் வீட்டுக்குப் பழனிச்சாமி ஆள் கூட்டி வந்தார். நாகூர்ப் பக்கம் ஏதோ கடையில் வேலை பார்த்தவன், வேலை போய் இங்கே வந்திருக்கிறான். கூட மனைவி. அவன் சுவரைப் பார்த்தான். அவள் நேராகப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி எப்படிங்கம்மா?"

"காய்ச்சிக் குடிங்க" என்றாள் அழகம்மாள்.

பழனிச்சாமிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. "தங்கச்சி, குறுக்குச் சுவரையெல்லாம் கூரை வரைக்கும் எழுப்பிரலாம்னு எத்தனை தடவை சொல்லிட்டேன். இப்பக் குடி வர்றவங்க அடுத்த வீட்டுச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு பாக்குறாங்க. வாடகை ஒரு மடங்கு கூடுதலா..." அவர் குரல் திடீரென்று உயர்ந்தது. கிணற்றின் ஆழத்தைப் பற்றி, ரோட்டின் அகலத்தைப் பற்றி, அம்மன் கோயில் எவ்வளவு பக்கம் என்பதைப் பற்றி, மூச்சு விடாமல் சத்தமாகப் பேசிக்கொண்டே போனார்.

அழகம்மாள் அவருக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தாள். அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் கட்டி, முகம் கருத்துப்போயிருந்தது. அவன் மனைவி ஒன்றும் தெரியாதவள்போல அவனுக்கு முன்னால் வந்து மறைத்து நின்றாள்.

"அண்ணே, செத்த நேரம் பேச்சை நிறுத்துங்க" என்றாள் அழகம்மாள்.

பழனிச்சாமி நிறுத்தினார்.

"துண்டை எடுப்பா. இருமு."

அவன் மனைவியைப் பார்த்தான். பிறகு துண்டை எடுத்தான். வெகு நேரம் இருமினான். அழகம்மாள் முகத்தைத் திருப்பாமல் கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றாள்.

"வாடகை நான் சொன்னதுதான். ஒரு காசு குறைக்க மாட்டேன்" என்றாள். "இருமல் வந்தா இப்படித்தான் இருமணும். சுவரை எழுப்பப் போறதில்ல. எனக்குக் கேக்கணும்."